உள்ளே போனால் ஞாயிற்றுக்கிழமை கோழியாம். பார்த்தவர் யார்?

கட்டபெட்டு சிவா:
மார்க்கெட் மணி அண்ணன் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. கோத்தகிரியில் செல்போன் கடை ஷட்டரை உடைத்ததாக 16 வயதுப் பையன்கள் இரண்டு பேர் பிடிபட்டார்கள் அல்லவா, அந்தச் செய்திக்குக் கீழே அவர் எழுதியது இது:

"இவனுங்களைப் பிடித்து என்ன பிரயோஜனம்? கூர்நோக்கு இல்லம் என்று சிறுவர்களுக்கான அரசு இல்லத்தில் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு, சாயங்காலம் டிவி, கேரம் போர்டு. மூன்று மாதத்தில் கன்னம் உப்பி வந்து நிற்பான். தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பிள்ளைக்கு வாராவாரம் கோழி உண்டா?"

இதற்குக் கைதட்டல் வேறு. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். அடித்துக் கொன்றதாக அந்த இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அவன் கோழி தின்று செரிக்காமல் சாகவில்லை. அதற்கப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைப் போட்டு இல்லங்களின் லட்சணத்தை ஆராயச் சொன்னது அரசு. 2023-இல் அவர் அறிக்கையும் கொடுத்தார். எல்லாம் கோழியும் கேரமுமாக இருந்தால் நீதிபதி எதற்கு?

மணி அண்ணனுக்கு ஒரே கேள்வி. எந்த இல்லம், எந்த ஞாயிறு, கோழியைப் பார்த்தது யார்?

மார்க்கெட் மணி:
வந்துவிட்டார் மனித உரிமை. தம்பி, நான் அவ்வளவு எழுதியதில் நீங்கள் பிடித்துக்கொண்டது கோழியை. சரி, கோழியையே பேசுவோம். என் மச்சினன் கோவையில் காய்கறி வேன் ஓட்டுகிறான். அந்த மாதிரி ஓர் இல்லத்துக்குச் சரக்கு இறக்கியவன். கண்ணால் பார்த்தவன். போதுமா?

கட்டபெட்டு சிவா:
காய்கறி இறக்கப் போனவர் கோழியை எப்படி அண்ணா பார்த்தார்?

மார்க்கெட் மணி:
சமையல்கட்டு ஒன்றுதானே. கேரட்டுக்கு ஒரு வாசல், கோழிக்கு ஒரு வாசலா?

அரவேணு வாத்தியார்:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். அடியாத மாடு படியாது. 30 வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என் பிரம்புக்குப் பயந்தவர்கள் இன்று துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் காலில் விழுகிறார்கள். இப்போது அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டீர்கள், ஷட்டர் உடைகிறது. இல்லத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் அது கொடுமையா?

கேர்பெட்டா குமார்:
வணக்கம் சார். உங்கள் எட்டாம் வகுப்பு மாணவன். துபாய் போகவில்லை, இங்கேதான் ஆட்டோ ஓட்டுகிறேன். இடது கை சுண்டு விரல் இன்னும் முழுசாக மடங்காது. காலில் விழ வரவா சார்?

அரவேணு வாத்தியார்:
நீ எந்த வருஷம்? குறும்பு செய்திருப்பாய்.

கேர்பெட்டா குமார்:
இங்க் பாட்டில் உடைந்தது சார். உடைத்தது நான் இல்லை. உங்களுக்குத் துபாய்க்காரன் மட்டும்தான் ஞாபகம் இருப்பான், விரல் போனவன் எப்படி இருப்பான்.

குன்னூர் வக்கீல் அக்கா:
வாத்தியார் சார், மரியாதையோடு சொல்கிறேன். "இரண்டு தட்டு" என்பதற்கு 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் தனியாகவே பிரிவு இருக்கிறது. இல்லத்தில் இருக்கும் பிள்ளையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அடித்தால் 82-ஆம் பிரிவு: முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை. கொடுமை என்ற அளவுக்குப் போனால் 75-ஆம் பிரிவு. அதைச் செய்தவர் இல்லத்து ஊழியர் என்றால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். பள்ளிக்கூடத்தில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடுத்துவிட்டது.

மணி அண்ணா, உங்கள் கோழிக்கு வருகிறேன். அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளில் இல்லங்களுக்கான உணவுப் பட்டியல் இருக்கிறது. அதில் வாரம் ஒரு முறை கோழி, இல்லாவிட்டால் நான்கு நாள் முட்டை என்று போட்டிருக்கிறார்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் தட்டில் விழும் என்று அர்த்தம் இல்லை. என் கட்சிக்காரப் பையன்களில் பாதிப் பேர் சொல்வது தண்ணீர் சாம்பாரைப் பற்றித்தான்.

மார்க்கெட் மணி:
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். வக்கீல் அம்மாவே சொல்லிவிட்டார். கோழி உண்டு. சட்டத்திலேயே உண்டு. சிவா தம்பி, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கட்டபெட்டு சிவா:
விதியில் இருக்கிறது என்றார். நீங்கள் சொன்னது உங்கள் மச்சினன் பார்த்தார் என்று. எந்த இல்லம், எந்த ஞாயிறு?

மார்க்கெட் மணி:
கோழி உண்டா, இல்லையா? ஒரு வார்த்தையில்.

கட்டபெட்டு சிவா:
யார் பார்த்தது? ஒரு பெயரில்.

டான்டீ மலர்:
பெரியவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் லைனில் அடுத்த வீட்டு அக்காவின் பையனை மிளகு மூட்டை கேஸில் பிடித்துக் கொண்டுபோனார்கள். இல்லத்தின் பெயர் வேண்டாம், கீழே சமவெளியில் இருப்பது. பார்க்கப் போகிற அன்று அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். விடியக்கருக்கலில் முதல் பஸ். அன்றைக்குத் தோட்டத்துக் கூலி இரண்டு பேருக்கும் போச்சு.

அக்கா அரைக் கிலோ வர்க்கி வாங்கியிருந்தார், அவனுக்கு அது உயிர். வாசலில் இருந்தவர் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு வர்க்கியாக எடுத்து, உள்ளே பீடி வைத்திருக்கிறதா என்று நடுவில் கட்டை விரலை விட்டுப் பிளந்து பார்த்தார். வர்க்கியைப் பிளந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கத் தூள். பையன் வந்தான். தலை மொட்டை. போகும்போது போட்டிருந்த ஸ்வெட்டர் எங்கே என்று அக்கா கேட்டார். "பெரிய பையன் வாங்கிக்கிட்டான்" என்றான். உட்காருடா என்றதற்கு உட்காரவே இல்லை. நின்றபடியே பேப்பரில் இருந்த தூளை உள்ளங்கையில் கொட்டிக் கொட்டி வாயில் போட்டுக்கொண்டான். பேப்பரில் ஒட்டியிருந்ததையும் விரலால் துடைத்துத் தின்றான். நல்லா சாப்பிடுகிற பையன் அப்படித் தின்ன மாட்டான் அண்ணா.

மார்க்கெட் மணி:
அம்மா மலர், கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் அந்த மிளகு மூட்டைக்காரன் வீட்டிலும் பிள்ளை குட்டி இருக்குமே, அவன் யாரிடம் போய் அழுவான்? போன வருஷம் என் கடைப் பூட்டை நெம்பினார்கள். கல்லாவில் இருந்தது போகட்டும், தராசைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டுப் போனார்கள். எதற்கு? சும்மா. இன்று வரை ஓர் அதிகாரி, ஒரு வக்கீல், ஒரு தொண்டு நிறுவனம் வந்து "மணி, உனக்கு என்ன நஷ்டம்" என்று கேட்டதுண்டா? பையனுக்கு ஆலோசகர், பையனுக்கு வக்கீல், பையனுக்குத் தொழிற்பயிற்சி. மணிக்கு? எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கவே மூன்று நடை.

அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை என்ன போட்டார்கள் என்று அந்தப் பையனைக் கேட்டீர்களா?

டான்டீ மலர்:
கேட்டோம். முட்டை. பாதி.

மார்க்கெட் மணி:
ஆக, முட்டை வந்தாயிற்று. கோழி தூரத்தில் இல்லை.

கட்டபெட்டு சிவா:
வெட்கமாக இல்லையா அண்ணா?

மார்க்கெட் மணி:
எனக்கு எதற்கு வெட்கம்? கேள்வி கேட்டது நீங்கள். கோழி எங்கே கோழி எங்கே என்று காலையிலிருந்து கூவுவது நீங்கள்.

கூடலூர் பாபு:
இதற்கெல்லாம் வெள்ளைக்காரன்தான் சரி. நடுவட்டத்தில் போய்ப் பாருங்கள், சிறை இன்னும் நிற்கிறது. சீனாக்காரக் கைதிகளைக் கொண்டுவந்து கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் நடவைத்தான். கோழியா போட்டான்? அபின் போரில் பிடித்தவர்கள். வேலை வாங்கினான், காடு தோட்டமாயிற்று.

எமரால்டு ராஜன்:
பாபு, அவர்கள் போர்க் கைதிகள் இல்லை. பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட தண்டனைக் கைதிகள். அபின் போர் கதை சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வது.

கூடலூர் பாபு:
நான் கூடலூரில் பிறந்தவன். நடுவட்டம் எனக்குப் பக்கம். எமரால்டிலிருந்து எனக்குப் பாடம் வேண்டாம்.

எமரால்டு ராஜன்:
பக்கத்தில் பிறந்தால் சரித்திரம் தெரியும் என்றால் பைக்காரா அணைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் இன்ஜினியர். அந்தச் சீனக் கைதிகளில் சிலர் தப்பித்துப் போனதும், விடுதலையானவர்கள் இங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக் குடியிருந்ததும் தெரியுமா? வேலை வாங்கியதால் ஒருவனும் திருந்தியதாக யாரும் எழுதி வைக்கவில்லை.

குன்னூர் வக்கீல் அக்கா:
நடுவட்டத்திலிருந்து இறங்கி வருவோமா? மலர் சொன்னதில் எனக்கு உறைத்தது வர்க்கிகூட இல்லை, அந்த முதல் பஸ். மலைப் பையனைச் சமவெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "குடும்பத்தார் வந்து பார்ப்பதே இல்லை" என்று கோப்பில் எழுதுவார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் இருந்தால்தான் அம்மா.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலம் 1983-இல் பூன்வில்லில் இருந்த பெரிய பழைய சீர்திருத்தப் பள்ளியை மூடிவிட்டு, மாநிலம் முழுக்கச் சின்னச் சின்ன இல்லங்களாகப் பிரித்தது. வீட்டுக்குக் கிட்டே, சிறு குழு, சீருடைக் காவலருக்குப் பதில் கூடவே இருந்து பேசும் ஊழியர்கள். 40 வருஷமாகப் பலரும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற முறை அது. அதற்கு நேர் எதிரே ஆஸ்திரேலியா. டார்வின் பக்கம் டான் டேல் என்று ஓர் இல்லம். 2016 ஜூலையில் அங்கே பையன்கள் மேல் கண்ணீர்ப்புகை அடித்த காட்சியும், அதே பிரதேசத்தின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இல்லத்தில் ஒரு பையனின் முகத்தில் முகமூடியை மாட்டி நாற்காலியில் கட்டி வைத்திருந்த காட்சியும் டிவியில் வந்தன. மறுநாளே பிரதமர் விசாரணை ஆணையம் அறிவித்தார். 2017 நவம்பரில் ஆணையம் டான் டேலையே மூடச் சொன்னது.

நம் சட்டத்திலும் நல்லது இல்லாமல் இல்லை. இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று 3-ஆம் பிரிவே சொல்கிறது. 12-ஆம் பிரிவில் பிணை கொடுப்பதுதான் வழக்கம், மறுப்பது விதிவிலக்கு. குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெட்டுப்போகும், இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் மறுக்கலாம். விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இதெல்லாம் நடந்தாலே பாதி இல்லம் காலியாகும்.

மார்க்கெட் மணி:
டார்வினில் ஞாயிற்றுக்கிழமை என்ன போட்டார்கள்?

குன்னூர் வக்கீல் அக்கா:
அண்ணா, நிஜமாகவே கேட்கிறேன், நான் எழுதியதைப் படித்தீர்களா?

மார்க்கெட் மணி:
படித்தேன் அம்மா. மிசௌரி, டார்வின் எல்லாம் படித்தேன். 2012-இல் டெல்லியில் பஸ்ஸில் நடந்ததை மட்டும் காணோம். ஆறு பேரில் ஒருவனுக்கு 17 வயது. மூன்று வருஷம் வைத்துவிட்டு 2015 டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். அவன் உள்ளே சமையலும் தையலும் கற்றுக்கொண்டானாம். அந்தப் பொண்ணோட அம்மா வாசலில் நின்று அழுதார்கள். அவர்களுக்கு எந்தப் பிரிவு?

குன்னூர் வக்கீல் அக்கா:
அந்த வழக்குக்குப் பிறகுதானே சட்டமே மாறியது? அதே டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 16-லிருந்து 18 வயதுக்குள் இருப்பவன் கொடூரக் குற்றம் செய்ததாகச் சொன்னால், இளஞ்சிறார் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட்டு, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம். ஷட்டரும் மிளகு மூட்டையும் அந்தக் கணக்கில் வராது. டெல்லியைக் காட்டி மலர் வீட்டுப் பக்கத்துப் பையனை அடிக்கச் சொல்லாதீர்கள்.

மார்க்கெட் மணி:
அடிக்கச் சொன்னேனா? எங்கே? காட்டுங்கள். நான் எழுதியதெல்லாம் கோழி உண்டு என்று மட்டும்தான். அதை நீங்களே சட்டப் புத்தகத்தோடு உறுதி செய்தீர்கள். நன்றி.

அரவேணு வாத்தியார்:
சமையலும் தையலும் கற்றுக் கொடுத்தால் போதாது. திருக்குறள் கற்றுக் கொடுக்க வேண்டும்.

கேர்பெட்டா குமார்:
எங்களுக்குக் கொடுத்தீர்களே சார். "இனிய உளவாக இன்னாத கூறல்" ஒப்பிக்கும்போதுதான் ஒன்று விழுந்தது.

அரவேணு வாத்தியார்:
நீ தப்பாக ஒப்பித்திருப்பாய்.

கட்டபெட்டு சிவா:
மணி அண்ணன் நழுவுகிறார். ஆறு ஊழியர் கைது என்று முதல் பதிவிலேயே எழுதினேன். அதைப் பற்றி ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதினாரா? இல்லை. ஏனென்றால் அதில் கோழி இல்லை.

மார்க்கெட் மணி:
என் தராசைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதினீர்களா? ஏனென்றால் அதில் நீதிபதி இல்லை.

இன்னும் ஒன்று சொல்கிறேன். இந்தப் பையன்களை ஏவி விடுகிறவன் பெரியவன். "நீ மைனர், உனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் ஷட்டருக்குக் கீழே நுழையவிடுகிறான். அவனைப் பிடியுங்கள், நானே வந்து மாலை போடுகிறேன். அது உங்களால் முடியாது. பையனுக்குக் கோழி போடுவது சுலபம்.

குன்னூர் வக்கீல் அக்கா:
இதை 83-ஆம் பிரிவு சொல்கிறது அண்ணா. பிள்ளைகளைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல். இதில் நானும் நீங்களும் ஒரே பக்கம்தான்.

மார்க்கெட் மணி:
நான் எந்தப் பக்கமும் இல்லை அம்மா. மார்க்கெட் பக்கம்.

டான்டீ மலர்:
வக்கீல் அக்கா, ஒரு சந்தேகம். அந்தப் பையனுக்குப் பிணைக்குச் சொந்த வீட்டு ரசீது உள்ள ஆள் கையெழுத்துப் போட வேண்டும் என்று இடையில் ஒருத்தர் சொல்கிறார். நாங்கள் இருப்பது அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் லைன் வீடு. ரசீதுக்கு எங்கே போவது?

குன்னூர் வக்கீல் அக்கா:
அந்த இடை ஆளை நம்பாதே. ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம் என்று 12-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில் விடச் சொல்லியும் கேட்கலாம். குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு சமூக சேவகர்கள் இரண்டு பேர் உட்காருவார்கள், அதில் ஒருவராவது பெண். பயப்படாமல் பேசச் சொல். இலவசச் சட்ட உதவியும் உண்டு. எனக்குத் தனியாக எழுது. பையன் பெயரை இங்கே யாரும் போட வேண்டாம், 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

கூடலூர் பாபு:
ரசீது இல்லாதவனுக்கு ஜாமீன், வீட்டு வரி கட்டுகிறவனுக்கு நோட்டீஸ். வாழ்க.

கட்டபெட்டு சிவா:
பாபு அண்ணா, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு அரசு கொடுத்த லைன் வீடு அது. தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ரசீது இல்லை என்றால் அது அவர்கள் குற்றமா?

கூடலூர் பாபு:
நான் பொதுவாகச் சொன்னேன்.

எமரால்டு ராஜன்:
அபின் போரும் பொதுவாகச் சொன்னதுதானே.

மார்க்கெட் மணி:
சிவா தம்பிக்கு ஏழைகள் மேல் இவ்வளவு பாசம் எப்போது வந்தது? உங்கள் மாமா தேயிலை வாங்கும் ஏஜென்டாக இருந்தபோது மழை நாளில் ஈரத்துக்கென்று மூட்டைக்கு எத்தனை கிலோ கழித்தார்? என் அம்மா கொண்டுவந்த பச்சை இலையிலும் கழித்தார். அப்போது எந்த நீதிபதியையும் காணோம்.

கட்டபெட்டு சிவா:
இதுதான் உள்ளே இருந்ததா? இவ்வளவு நேரம் கோழியைப் பிடித்துத் தொங்கியது இதற்குத்தானா? மாமா கழித்தது தொழிற்சாலை சொன்ன கணக்கு. ஈர இலையை உலர்த்த ஆகும் விறகுக்கு யார் காசு கொடுப்பது?

மார்க்கெட் மணி:
தொழிற்சாலை ஒரு கணக்கு, உங்கள் மாமா ஒரு கணக்கு. இரண்டு நோட்டு வைத்திருந்தது ஊருக்கே தெரியும்.

கேர்பெட்டா குமார்:
எங்கள் வீட்டு இலையிலும் கழித்தார் சிவா. அதில் மணி அண்ணன் சொல்வது நிஜம்.

கட்டபெட்டு சிவா:
குமார், நீ எந்தக் கட்சி? காலையில் இருந்து என் பக்கம் பேசிவிட்டு.

கேர்பெட்டா குமார்:
விரலுக்கு உன் பக்கம், இலைக்கு அவர் பக்கம்.

அரவேணு வாத்தியார்:
சிவாவின் மாமா என் மாணவர். நாணயஸ்தர். என் கையால் அடி வாங்கியவர்.

மார்க்கெட் மணி:
அப்படியென்றால் பிரம்பு வேலை செய்யவில்லை என்று தெரிகிறது சார்.

கட்டபெட்டு சிவா:
நோட்டைக் கொண்டுவாருங்கள் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை சந்தை வாசலில் நிற்கிறேன். மாமாவையும் கூட்டி வருகிறேன். மச்சினனை நீங்கள் கூட்டி வாருங்கள்.

மார்க்கெட் மணி:
மச்சினனுக்கு ஞாயிற்றுக்கிழமை டிரிப் இருக்கிறது. திங்கள் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாமா பழைய தராசையும் எடுத்து வரட்டும், படிக்கல்லோடு.